ஆயில் லைட்டும் 3 வருடமாக என்னோடு வரும் கேஜும்

அப்பா 1997-இல் வாங்கிய பெட்ரோல் கார் இன்னும் எங்கள் வீட்டில்தான் ஓடுகிறது. 3 வருடத்துக்கு முன், சித்திரை வெயிலில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும்போது, வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால் சிவப்பு ஆயில் லைட் எரிந்தது. ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்தேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு சரியாகவே இருந்தது. கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் லைட் இல்லை.

அந்த லைட் ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அதுவும் பெரும்பாலான கார்களில் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எரியும். ஓடும் வண்டியில் அது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது.

முதல் பட்டறையில், அழுத்தம் குறைந்தால் லைட்டை எரியவைக்கும் சுவிட்சை மாற்றினார்கள். பத்தே நாளில் லைட் திரும்ப வந்தது. அடுத்த இடத்தில், இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள். மனசு கேட்கவில்லை. அப்பா காலத்து மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "இறக்குறது இருக்கட்டும் தம்பி, முதல்ல அழுத்தத்தை அளந்து பார்ப்போம்" என்று சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில், அழுத்தத்தை முள்ளால் காட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டினார்.

குளிர்ந்த இன்ஜினில் 45 பி.எஸ்.ஐ. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து 3000 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றினோம். முள் 25 வரை போய், நடுங்கி, 10-க்கு இறங்கியது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பேரிங் தேய்ந்திருந்தால் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அழுத்தம் குறையும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறும். மிதிக்க மிதிக்க இறங்கினால் பம்புக்கு ஆயில் போதவில்லை என்று அர்த்தம். நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுவதும் அதோடு பொருந்தியது. பம்பு உறிஞ்சும்போது அதன் வலையில் வந்து ஒட்டும் கசடு, இன்ஜின் நின்றதும் கீழே விழுந்துவிடும்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றினோம். பம்பு ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் முக்கால் பாகம் தார் மாதிரி கருப்புக் கசடு. அதற்குள் புழு புழுவாக சிலிக்கான் பேஸ்ட் துணுக்குகள். முன்பு யாரோ கசியாமல் இருக்க சேம்பருக்கு பேஸ்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து வலையை அடைத்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி, புது ஃபில்டரும் 20டபிள்யூ-50 ஆயிலும் போட்ட பிறகு, சூடான ஐட்லிங்கில் 14, 3000-இல் 40. பேரிங்கில் கை வைக்கவே இல்லை.

அன்றைக்கே 'T' வடிவ ஜாயிண்ட் ஒன்று வைத்து, சுவிட்சையும் கேஜையும் சேர்த்தே நிரந்தரமாக மாட்டச் சொன்னேன். லைட்டை எடுத்துவிடாதீர்கள், ஓட்டும்போது யாரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால் டெஃப்லான் டேப்பை அதிகமாகச் சுற்றக் கூடாது. மரை வழியாகத்தான் சுவிட்சுக்கு எர்த் (மின்சாரம் திரும்பும் வழி) கிடைக்கிறது. அது தடைபட்டால் அழுத்தமே இல்லாதபோதும் லைட் எரியாது. சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், லைட் எரிகிறதா என்று தினமும் பார்த்துவிடுகிறேன்.

இந்த கேஜில் ஒரே குறை, ஆயிலை கேஜுக்குக் கொண்டுபோக கூட வந்த நைலான் குழாய். இரண்டாவது வருடம் சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்துச் சூட்டில் மொறுமொறுவென்று காய்ந்து கசிய ஆரம்பித்தது. சூடான ஆயில் அங்கே தெறித்தால் தீப்பிடிக்கும். செம்புக் குழாய்க்கு மாற்றி, அதிர்வு தாங்க நடுவில் ஒரு சுருள் விட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை சூடான ஐட்லிங் அளவை டைரியில் எழுதுகிறேன். மே மாதம் 12, மார்கழியில் 15. போன வாரமும் 13 இருந்தது.