80 தாண்டினவங்களுக்கு இடுப்பு ஆபரேஷன்: பார்ஷியலா, டோட்டலா?

வயசானவங்க விழுந்து தொடை எலும்போட கழுத்துப் பகுதி ஒடைஞ்சு விலகிருச்சுன்னா டாக்டர் பெரும்பாலும் இடுப்பு மூட்டு மாத்தற ஆபரேஷன்ல ரெண்டு வழி சொல்லுவாரு, ஒன்னு பாதி மட்டும் மாத்தற பார்ஷியல், இன்னொன்னு முழுசா மாத்தற டோட்டல். என் மாமியாருக்கு 82 வயசு, சுகர், பிபி, கூடவே கொஞ்சம் மறதி. நாங்க பார்ஷியல் பண்ணோம், ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்போ யாராச்சும் கேட்டாலும் அதையே தான் சொல்லுவேன். அதனால இத நடுநிலையான அலசல்னு நெனச்சுப் படிக்காதீங்க.

வித்தியாசம் சிம்பிள். பார்ஷியல்ல தொடை எலும்போட மேல் நுனியில இருக்கற, கழுத்து ஒடைஞ்சு விலகின பந்தை எடுத்துட்டு உலோகப் பந்து வைப்பாங்க, அந்தப் பந்து உக்கார்ற இடுப்புக் கிண்ணம் நம்ம சொந்தக் கிண்ணமே தான். டோட்டல்ல கிண்ணத்தையும் சொரண்டி புதுசு பொருத்துவாங்க, நேரமும் கூட, ரத்தச் சேதமும் கூட, பில்லும் கூட. ஸ்க்ரூ மட்டும் போட்டு விட்டா என்னன்னு வீட்டுல கேட்டாங்க. எலும்பு நல்லா விலகிட்டா பந்துக்குப் போற ரத்த ஓட்டமும் கெட்டுப் போயிருக்கும், இந்த வயசுல ஒட்டாம போய் திரும்ப தியேட்டருக்குப் போற வாய்ப்பு ஜாஸ்தி. புத்தூர் கட்டு போடலாம்னு சொன்ன சித்தப்பாவுக்கும் அதே பதில் தான், மாசக்கணக்குல படுக்க வச்சா எலும்பு ஒட்டுதோ இல்லையோ நெஞ்சுல சளி கட்டி முதுகுல புண்ணு வந்துரும்.

டோட்டலோட ப்ளஸ்ஸ மறைக்க மாட்டேன். 2019ல வந்த ஹெல்த்னு ஒரு பெரிய ஆய்வு, 10 நாட்டுல 50 வயசு தாண்டின 1495 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு ரெண்டு வருஷம் பாத்தாங்க. நடமாட்டம், வலி இதுலெல்லாம் டோட்டல் கொஞ்சம் மேல, ஆனா பெரிய வித்தியாசம் இல்ல. திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டது டோட்டல்ல 7.9 சதவீதம், பார்ஷியல்ல 8.3, கிட்டத்தட்ட ஒன்னு தான். ஆனா பந்து நிலையா நிக்காம கழண்டுக்கற பிரச்சனை டோட்டல்ல 4.7, பார்ஷியல்ல 2.4. எங்க வீட்டு முடிவு இந்த ஒரு நம்பர்ல தான் நின்னுச்சு.

ஏன்னு சொல்றேன். பார்ஷியல்ல வைக்கற பந்து, எடுத்த பந்தோட சைஸ்லயே பெருசா இருக்கும், சொந்தக் கிண்ணத்துல நல்லா ஒக்காந்துக்கும். டோட்டல்ல கிண்ணத்துக்குள்ள ஒரு பிளாஸ்டிக் லைனர் வரதால பந்து 28, 32, 36 மில்லிமீட்டர்னு சின்னதாயிரும், சின்னப் பந்து சீக்கிரம் விளிம்பத் தாண்டும். அதனால தான் அத்தனை ரூல்ஸ், இடுப்ப 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, பாதத்த உள்பக்கம் திருப்பக் கூடாது, தாழ்வா எதுலயும் உக்காரக் கூடாது, தரையில சுத்தமா கூடாது. புத்தி தெளிவா இருக்கறவங்க சில மாசம் பல்லக் கடிச்சுட்டு இருந்துருவாங்க. தரையில கால மடக்கி உக்காந்து அருவாமனையில வெங்காயம் அரிஞ்சே பழகின எங்க அத்தைக்கு இதையெல்லாம் காலையில சொன்னா மத்தியானம் ஞாபகம் இருக்காது. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் ராத்திரி மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு கட்டில விட்டு இறங்கப் பாத்தாங்க, மாட்ட வித்து பல வருஷமாச்சு. இந்தக் குழப்பம் வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப சகஜம், முக்கால்வாசி பேருக்கு நாள்பட சரியாயிரும், ஆனா அந்த நேரத்துல பந்து கழண்டா கால் குட்டையாகி, வலியில துடிச்சு, திரும்ப மயக்க மருந்து குடுத்து இழுத்து மாட்டணும், ஒரு தடவ கழண்டது மறுபடியும் கழலப் பாக்கும். வீட்டுல ராத்திரி முழிச்சுக் காவல் காக்கப் போறது நர்ஸ் இல்ல, மருமக தான், அதையும் கணக்குல சேத்துக்கணும்ல?

பார்ஷியல்னா கழலவே கழலாதுன்னு அர்த்தம் இல்ல. இடுப்போட பின்பக்கமா திறந்து பண்றதுல பக்கவாட்டுல பண்றத விட கழல்ற ரிஸ்க் அதிகம், அதனால டாக்டர்கிட்ட எந்தப் பக்கம்னு கேட்டுக்கங்க. எங்களுக்குப் பக்கவாட்டுல தான் பண்ணாங்க, லேசா சாஞ்சு சாஞ்சு நடக்கறாங்க, பரவால்ல.

பார்ஷியல்னு முடிவான பிறகு அடுத்த கேள்வி சிமென்ட், அதாவது பந்தத் தாங்கற கம்பிய தொடை எலும்புக்குள்ள நிறுத்த எலும்பு சிமென்ட் வைக்கறதா வேண்டாமான்னு. நான் சிமென்ட் கட்சி. பிரிட்டன்ல 60 தாண்டின 1225 பேர வச்சுப் பண்ணி 2022ல வெளியான ஆய்வுல, வச்ச கம்பிய ஒட்டி எலும்பு மறுபடி ஒடையறது சிமென்ட் வச்சா 0.5 சதவீதம், வைக்கலன்னா 2.1, நாலாம் மாசம் வாழ்க்கைத் தரமும் சிமென்ட்ல தான் மேல. சிமென்ட உள்ள அழுத்தும்போது சிலருக்கு பிபியும் ஆக்ஸிஜனும் படார்னு இறங்கும், ஹார்ட், நுரையீரல் கோளாறு இருக்கறவங்க மயக்க மருந்து டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிருங்க. சிமென்ட் இல்லாம வைக்கற பழைய ஆஸ்டின் மூர் மாடல் மலிவு தான், ஆனா தொடை வலி, நாளடைவுல லூஸ் ஆகறதுன்னு அதுக்குப் பேரு கெட்டுப் போச்சு.

இன்னொன்னு, கசப்பா இருந்தாலும் சொல்லணும். அந்த பிரிட்டன் சிமென்ட் ஆய்வுல ரெண்டு குரூப்பும் சேத்து ஏறக்குறைய நாலுல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்துருக்காங்க. ஆபரேஷன் மட்டும் காரணம் இல்ல, வயசு, ஏற்கனவே இருக்கற வியாதி, நிமோனியா, கால்ல ரத்தக்கட்டின்னு பல சேந்துக்கும். அதனால எந்த மாடல்னு ரொம்ப யோசிச்சு நாள ஓட்டாதீங்க, முடிஞ்சா ஒன்னு ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் முடிச்சு மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வைக்கணும்.

பார்ஷியலோட பெரிய மைனஸ், உலோகப் பந்து உரசி உரசி சொந்தக் கிண்ணம் தேயறது. இதுல எங்க ஒன்றரை வருஷத்த வச்சு ஒன்னும் சொல்ல முடியாது, அத்தை இதுவரைக்கும் தொடை இடுக்குல வலின்னு சொல்லல, ஆனா அவங்க நடக்கறதே ஹால்ல இருந்து வாசல் வரைக்கும் தான். உங்க வீட்டுல விழுந்தவர் 65, 70 வயசுல தினமும் வாக்கிங் போற ஆளு, புத்தி தெளிவு, இல்ல ஏற்கனவே இடுப்புல தேய்மானம் இருக்குன்னா நான் சொன்னத ஓரமா வச்சுட்டு டோட்டல பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.