71 சதவீதத்தின் கணக்கு தெரிந்த ஜெராக்ஸ் கடை

எங்கள் வீட்டு வரைபடத்தை ஏ3 தாளிலிருந்து சிறிதாக்கி நகலெடுக்க, முதலில் வழக்கமாகச் செல்லும் கடைக்குத்தான் போனேன். அங்கே லீகல் தாள் முழுவதும் நிரம்ப வேண்டும் என்று அகலத்தையும் நீளத்தையும் வெவ்வேறு அளவில் சுருக்கியதில், வட்டமாக இருந்த கிணறு முட்டை வடிவத்தில் வந்தது. அதனால்தான் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சிறிய கடையைத் தேடிச் சென்றேன்.

இயந்திரத்தின் முன் நின்ற பெண் வரைபடத்தைப் பார்த்ததும் ஏ4 தாளை வைத்து 71 என்று அழுத்தினார். ஏ4 என்பது ஏ3-இல் பாதித் தாள்தானே, 50 சதவீதம் அல்லவா வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். பரப்புதான் பாதியாகிறது, பக்கம் அப்படிக் குறைவதில்லை என்றும், 50 வைத்தால் படம் ஏ4 தாளில் பாதியைத்தான் நிரப்பும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஏ வரிசைத் தாள்களின் பக்கங்கள் 1-க்கு இரண்டின் வர்க்கமூலம் என்ற விகிதத்தில் அமைந்தவை; நீளம் பாதியாகும்படி மடித்தாலும் வடிவம் மாறாத விகிதம் இது ஒன்றே. 1-ஐ அந்த வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதுதான் ஏறக்குறைய 71 சதவீதம். இதை லிச்சன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் 1786-இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஜெர்மனி 1922-இல் இதைத் தர அளவாக்கியது.

என்னை உண்மையில் வியக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். வரைபடத்தின் மூலையில் இருந்த 1:100 என்ற அளவுக் குறிப்பை (தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் 1 மீட்டர்) காட்டி, "சார், சின்னதாக்கினா இந்தக் கணக்கு வராது" என்றார். பிறகு என் அனுமதியுடன், அந்தக் குறிப்புக்குக் கீழே பென்சிலால் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, அதன்மேல் "5 மீட்டர்" என்று எழுதிய பின்னரே நகலெடுத்தார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். மூலத்தில் 30 மில்லிமீட்டராக இருந்த மூன்று மீட்டர் அறை, நகலில் 21 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. அச்சிட்ட குறிப்பை நம்பி அளக்கும் கொத்தனாருக்கு அந்த அறை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் குறைந்திருக்கும். ஆனால் பென்சில் கோடும் படத்தோடு சேர்ந்தே சுருங்கியிருந்ததால், அதை வைத்து அளந்தபோது அறை சரியாக மூன்று மீட்டர் வந்தது. இந்த அக்கறைக்கு அவர் தனியாகக் காசு எதுவும் வாங்கவில்லை.

கடையில் இடம் குறைவு. மாலையில் மாணவர்கள் கூட்டம் இருப்பதால் காலையில் செல்வது நல்லது. நகல்கள் தெளிவாக இருந்தாலும், கண்ணாடியில் இருந்த ஒரு புள்ளி எல்லாத் தாள்களிலும் விழுந்திருந்தது. மேலும், 71 வைக்கும்போது ஏ3-இன் 420 மில்லிமீட்டர் நீளம் 298 ஆகிறது, ஏ4-இன் நீளமோ 297தான்; ஆகவே உங்கள் படத்தில் விளிம்பை ஒட்டிக் கோடு இருந்தால், 70 வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.