பலகை பிளக்க மக்கீத்தா எல்பி1200எஃப்: 165 மி.மீ. என்ற எண்ணை நம்பலாமா?

மலேசியாவில், செந்தூலிலோ பிறையிலோ தரைவீட்டுக் கார் போர்ச்சையே பட்டறையாக வைத்திருப்பவருக்கு, 12 அங்குலச் சக்கர பேண்ட்சாக்களில் (இரண்டு சக்கரங்களைச் சுற்றி வளையப் பிளேடு ஓடும் ரம்பங்களில்) மக்கீத்தா எல்பி1200எஃப் தாராளமாகப் பரிந்துரைக்கத்தக்கது. ஆனால் 165 மி.மீ. வெட்டு உயரம் என்ற விவரத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அந்த உயரப் பலகை உள்ளே நுழையும். காய்ந்த கடினமரம் அந்த உயரத்தில் நேராகப் பிளந்து வருவது வேறு சங்கதி. நியாத்தோ, ரப்பர் மரப் பலகை என்றால் 120 மி.மீ. வரை, செங்கால் என்னும் மிகக் கடினமான மரம் என்றால் 100 மி.மீ. வரை என்று கணக்கு வைத்துக்கொண்டால் இந்த இயந்திரம் ஏமாற்றாது.

மோட்டார் 900 வாட். நம் 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழுக்கும். சாதாரண 13 ஆம்பியர் பிளக் போதும். வேகம் நிமிடத்துக்கு 400 மீட்டர், 800 மீட்டர் என இரண்டு; மரத்துக்கு எப்போதும் 800. எடை 80 கிலோவை ஒட்டி வரும், தூக்க இரண்டு பேர் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அமெரிக்க இயந்திரங்கள் பக்கம் போகாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர 60 ஹெர்ட்ஸை மாற்றாது. இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும், சூடும் ஏறும்.

உயரத்துக்கு ஏன் வரம்பு? பிளேடு சக்கரத்தில் ஒவ்வொரு சுற்றும் வளைந்து நிமிர்கிறது. சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் தடிமன் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 305 மி.மீ. சக்கரத்துக்கு அது 0.3 மி.மீ.; நடைமுறையில் 0.5 வரை தாங்கும். பெரிய இயந்திரத்துக்கான 0.9 மி.மீ. பிளேடை இதில் மாட்டினால் பல்லிடைக் குழியில் விரிசல் விட்டுச் சீக்கிரமே அறுந்துவிடும். மெல்லிய பிளேடுக்கு விறைப்பு குறைவு. உயரமான பலகைக்குள் அது வில்லாக வளைந்து, மேலே அளவு சரியாகவும் நடுவில் வயிறு தள்ளியும் வரும். தள்ளும் வேகத்தைக் குறைத்தால் பாதி குணமாகும். மீதிக்குப் பிளேடுதான் மருந்து.

இயந்திரத்தோடு வரும் பிளேடு பொதுவேலைக்கானது, பலகை பிளக்க உதவாது. 2240 மி.மீ. நீளத்தில், 13 அல்லது 16 மி.மீ. அகலத்தில், அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடு வாங்குங்கள். பல் நெருக்கமாக இருந்தால் தூள் குழியில் அடைத்து, பிளேடு சூடேறி, மரம் கருகும். ரப்பர் மரப் பலகைக்குக் கார்பன் ஸ்டீலே போதும். வெள்ளை மெராந்தியில் சிலிக்கா உண்டு. அதில் கார்பன் ஸ்டீல் பல் சட்டென்று மழுங்கும், பைமெட்டல் (பல் முனைக்கு மட்டும் கடினமான எஃகு சேர்த்த) பிளேடுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது. கெருயிங் என்றால் பிசின் பல்லில் ஒட்டும். அவ்வப்போது நிறுத்தித் துடைத்துதான் ஓட்ட வேண்டும். நீளம் சொல்லி ஒட்டி வாங்கும் பிளேடில் வெல்டிங் இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடு இருந்தால், பிளேடை ஒதுங்காமல் பிடிக்கும் கைடைக் கடக்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று தட்டும், வெட்டுமுகத்தில் வரி விழும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிளக்கைக் கழற்றி, பிளேடை இறுக்கி, மேல் கைடைத் தாழ்த்தி இடைவெளியைப் பாருங்கள். பிறகு முழுதாக உயர்த்திப் பாருங்கள். பிளேடு ஒரு பக்கமாக ஒதுங்கினால் கைடுத் தண்டு செங்குத்தாக இல்லை. ஒவ்வொரு பலகை உயரத்துக்கும் கைடைத் திருத்திக்கொண்டே இருக்க நேரும், அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். கைடுகளையெல்லாம் விலக்கிவிட்டு, பிளேடை இறுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிளேடு சக்கர நடுவில் ஓடும்படி மேல் சக்கரத்தின் சாய்வைத் திருப்புங்கள். அதன்பிறகே பக்கக் கைடு: ஒரு ரிங்கிட் நோட்டு உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி, பல்லைத் தொடாமல் குழிக்குச் சற்றுப் பின்னால். பின்பக்க பேரிங், வெட்டாதபோது பிளேடைத் தொடக்கூடாது. பலகையை ஒட்டித் தள்ளும் தடுப்பான ஃபென்ஸில் 150 மி.மீ. உயரப் பிளைவுட் ஒன்றைத் திருகி நிமிர்த்துங்கள். உயரமான பலகைக்குத் தாழ்ந்த ஃபென்ஸ் பிடிமானம் தராது. வெட்டு ஒரே பக்கமாக இழுத்தால், ஒரு துண்டில் கோடு போட்டுக் கைப்போக்கில் பாதிவரை வெட்டி நிறுத்துங்கள். பலகை நிற்கும் அந்தச் சாய்வுக்கு ஃபென்ஸைத் திருப்பினால் சரியாகும். முனை மழுங்கிய பிளேடுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்துங்கள், சக்கர ரப்பர் பள்ளம் விழாமல் இருக்கும். நம்மூர் ஈரக்காற்றில் மேசைக்கு மெழுகு பூசாவிட்டால் துரு ஏறிவிடும்.

சாலையோரம் வெட்டிப்போட்ட அங்சானா, தூங்குமூஞ்சி மரத் துண்டுகளைப் பிளக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இது வேண்டாம். ஈரமரத்தின் தூள் அப்பிக்கொண்டு 900 வாட்டைத் திணறடிக்கும். அதற்கு 14 அங்குலச் சக்கரமும், ஸ்டீல் சட்டமும், குறைந்தது 1.5 குதிரைத்திறன் மோட்டாரும் உள்ளதைப் பாருங்கள்.