சுங்குடி வியாபாரத்துக்கு வெர்ச்சுவல் அசிஸ்டன்ட்: ஆறு மாத அனுபவம்

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும்தான். போன தீபாவளி சமயத்தில் ஒரு ராத்திரி, காய்ச்சலோடு பிள்ளை என் மடியில் படுத்திருக்கிறான், நான் ஒரு கையால் "விலை என்ன சிஸ்டர்" என்று கேட்டவர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன், மணி பதினொன்றரை. அன்றைக்குத்தான் ஆள் வைப்பது என்று முடிவு செய்தேன். மாமனார் மாமியார் இருக்கிற சின்ன வீடு, நாள் முழுக்க ஒருவர் வந்து உட்கார தோதில்லை. அதனால் ஒரு ஏஜென்சி மூலம் வெர்ச்சுவல் அசிஸ்டன்ட், அதாவது தன் இடத்திலிருந்தே ஆன்லைனில் நமக்கு வேலை பார்க்கும் ஆள்.

மாதம் 40 மணி நேரத்துக்கு 10,000 ரூபாய், மேலே 18% ஜிஎஸ்டி, ஆக 11,800. ரெகுலர் ஜிஎஸ்டியில் இருப்பவர்கள் அந்த 1,800-ஐ இன்புட் கிரெடிட்டாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து எடுத்துக்கொள்ளலாம், சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது.

வந்த பெண் திருநெல்வேலி, நல்ல சுறுசுறுப்பு. ஆனால் நான் "கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் "சாயம் போகுமா?" என்று கேட்க, இவர் "போகாது மேடம்" என்று எழுதிவிட்டார். பத்து நாளில் போட்டோ வந்தது, வெள்ளை ரவிக்கை முழுக்க அரக்கு நிறம். சேலைக்கும் ரவிக்கைக்கும் சேர்த்துப் பணம் திருப்பினேன். தப்பு என்னுடையது. அவர் சுங்குடியைக் கையில் தொட்டதே இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே அடிக்கடி வரும் 12 கேள்விகளுக்கு வாய்ஸ் நோட் போட்டேன். முதல் இரண்டு தண்ணிக்குக் கல் உப்பு போட்டுத் தனியாக அலச வேண்டும், கையால் முடிச்சுப் போட்ட சேலையில் புள்ளிகள் ஒன்று போல இருக்காது, பிரின்ட் என்றால் அச்சடித்த மாதிரி வரிசையாக இருக்கும், இப்படி. அப்புறம் அந்த மாதிரிப் புகார் வரவே இல்லை.

ஏஜென்சி மேல் எனக்குக் கோபம் மூன்றாவது மாதம் வந்தது. ஒரு நாள் காலையில் சாட்டில் புதுப் பெயர் ஒன்று "ஹாய் மேம்" என்கிறது. ஆளை மாற்றிவிட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் "நோட்ஸ் ஹேண்ட்ஓவர் பண்ணிட்டோம் மேம்" என்றார்கள், அந்த நோட்ஸில் இருந்தது நாலு வரி. பொங்கலுக்கு முந்தின வாரம், மூன்று நாள் விசாரிப்புகள் பதில் இல்லாமல் கிடந்தன. சண்டை போட்டு ஆறு மணி நேரம் கழிவு வாங்கினேன், ஆளை மாற்றினால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று மெயிலிலும் எழுதி வாங்கினேன். நீங்கள் இதைச் சேரும்போதே வாங்கிவிடுங்கள். இதனால்தான் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

வாட்ஸ்அப், இன்ஸ்டா கணக்குகளை இன்னொருவர் கையில் கொடுக்கப் பலர் பயப்படுகிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் உங்கள் போன் போக நான்கு சாதனங்களை இணைக்கலாம், வேண்டாம் என்றால் போனிலிருந்தே துண்டித்துவிடலாம். இன்ஸ்டாவுக்கு, வியாபாரக் கணக்குகளை நிர்வகிக்க மெட்டா தரும் மெட்டா பிசினஸ் சூட்டில் அனுமதி கொடுத்தால் பாஸ்வேர்டு தர வேண்டாம். ஓடிபி யாருக்கும் கிடையாது. பணம் வந்ததா என்று மட்டும் நானே வங்கி ஆப்பில் பார்த்து ஷீட்டில் டிக் போடுவேன், போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் நிறைய, டிக் விழாமல் பார்சல் போகாது.

இன்னொன்று, பெண்கள் நடத்தும் வியாபார எண்ணுக்கு ராத்திரியில் என்னென்ன மெசேஜ் வரும் என்று நமக்குத் தெரியும். அதை இப்போது முதலில் பார்ப்பது அசிஸ்டன்டாக இருக்கும் பெண். அந்த அசிங்கத்தை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, என்னைக் கேட்காமலே பிளாக் செய்யலாம், ஆர்டர் போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

விலை பேசுவது, சாயப் பட்டறைக்காரர்களோடு பேசுவது இரண்டையும் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதுமில்லை.

இரண்டாவதாக வந்தவர்தான் இப்போதும் இருக்கிறார். போன மாதம் அவருக்கு ஒரு சேலை கூரியரில் அனுப்பினேன். பார்சலைப் பிரித்ததும் போன், "அக்கா, முடிச்சுப் போட்ட இடமெல்லாம் கையில தட்டுப்படுதே!" அன்று சாயங்காலமே ஒருவருக்கு அதை அவர் சொந்த வார்த்தையில் எழுதியிருந்தார், நான் சொல்லிக்கொடுத்த பதிலைவிட நன்றாக இருந்தது. ஆள் சேர்ந்த முதல் வாரமே உங்கள் பொருளில் ஒன்றை அனுப்பிவிடுங்கள், நான் தாமதமாகச் செய்தேன்.