பழைய டிரைவருக்கே திரும்பிச் செல்லும் மடிக்கணினி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

நான் பயன்படுத்தும் மடிக்கணினி மாடலின் விலை அண்மையில் நன்றாகக் குறைந்திருப்பதால், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விவரக்குறிப்புகள் எல்லாரும் அறிந்தவை. விசைப்பலகையிலும் மின்கலத்திலும் மூடியின் கீலிலும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிறகும் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனவே இதை வாங்கிய நாள்முதல் என் பொறுமையைச் சோதித்துவரும் வரைகலை டிரைவரைப் பற்றி, அதாவது திரையில் படம் காட்டும் சில்லை விண்டோஸ் இயக்குவதற்கு உதவும் மென்பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உறக்கநிலையிலிருந்து எழுப்பினால் விசைகளின் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் நெடுநேரம் கறுத்தே கிடக்கிறது. மடிக்கணினி நிறுவனம் தன் தளத்தில் வைத்திருக்கும் டிரைவரில்தான் கோளாறு. வரைகலைச் சில்லைத் தயாரித்த நிறுவனம் வெளியிடும் புதிய பொது டிரைவரை நிறுவியதும் அது முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆனால் அந்த நிம்மதி நிலைப்பதில்லை. விண்டோஸ் அப்டேட் அடுத்த முறை இயங்கும்போது, கேட்காமலேயே பழைய டிரைவரை மீண்டும் நிறுவிவிடுகிறது. கணினியின் பாகங்களையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் டிவைஸ் மேனேஜரில் பதிப்பு எண் பின்னோக்கிப் போயிருப்பதைக் காணும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

புதியதை நீக்கிவிட்டுப் பழையதைப் போடுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் ஒரு டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தேதியை முதலில் பார்ப்பதில்லை. நம்பகமானவை எனக் காட்டும் டிஜிட்டல் கையொப்பம் முறையாக இடப்பட்ட டிரைவர்களுக்குள், வன்பொருளின் அடையாள எண்ணோடு எது மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதையே முதலில் பார்க்கிறது. பொது டிரைவர் சில்லின் அடையாளத்தை மட்டும் குறிப்பிடுகிறது. மடிக்கணினி நிறுவனத்தின் டிரைவரோ அந்தச் சில்லு எந்த மாடலில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது வரை குறிப்பிடுவதால், எவ்வளவு பழையதானாலும் தரவரிசையில் மேலே நிற்கிறது. பொருத்தம் சமமாக இருக்கும்போதுதான் தேதியும், அதன் பின் பதிப்பு எண்ணும் கணக்கில் வருகின்றன. அந்தத் தேதியையும் அப்படியே நம்பிவிட முடியாது: விண்டோஸுடன் வரும் மைக்ரோசாப்ட் டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்றும், இன்டெல் சிப்செட் (தாய்ப்பலகைச் சில்லுத் தொகுதி) கோப்புகளில் அந்நிறுவனம் தொடங்கப்பட்ட நாளான 1968 ஜூலை 18 என்றும் இருக்கும். வேறு நிறுவனத்தின் பொருத்தமான டிரைவரை இவை இடம்பெயர்த்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இடப்பட்ட பழைய தேதிகள் இவை.

இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். திரை வெளிச்சம், மின்சேமிப்பு போன்றவற்றை மாடலுக்கேற்ப நிறுவனங்கள் திருத்தியமைப்பதால், மாடலுக்கென்று செய்த டிரைவருக்கு முன்னுரிமை தருவது நியாயமே. என் கோபமெல்லாம், விற்பனைக்கு வந்த காலத்தில் ஒரு டிரைவரைப் பதிவேற்றிவிட்டு அதன் பிறகு திரும்பியே பார்க்காத மடிக்கணினி நிறுவனத்தின்மீதுதான். அதன் சொந்தப் புதுப்பிப்புச் செயலி, எல்லாம் நவீன நிலையில் இருப்பதாக இன்றைக்கும் பச்சைக் குறியிட்டுக் காட்டுகிறது. அது பொய்.

தீர்வுகள் இருக்கின்றன, ஒன்றும் முழுமையானதில்லை. விண்டோஸின் ப்ரோ பதிப்பில், புதுப்பிப்புகளோடு டிரைவர்கள் வருவதைக் குரூப் பாலிசி என்ற அமைப்பு விதிகள் வழியாக நிறுத்தலாம். ஆனால் அப்போது ப்ளூடூத், தொடுதளம் உள்ளிட்ட எல்லாவற்றுக்கும் வரும் டிரைவர்களும் நின்றுவிடும். குறிப்பிட்ட ஒரு புதுப்பிப்பை மட்டும் மறைப்பதற்கு மைக்ரோசாப்ட் வெளியிட்ட சிறு கருவியைத்தான் நான் பயன்படுத்துகிறேன்; அந்த டிரைவர் வேறு பதிவாக மீண்டும் வந்தால் மறுபடியும் மறைக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் உள்ள ரோல் பேக் பொத்தான் முந்தைய டிரைவருக்கு மட்டுமே திருப்பும், முந்தையது சேமிக்கப்பட்டிராவிட்டால் அழுத்தவே முடியாது. எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாக விளம்பரப்படுத்தும் வெளிச்செயலிகளை நிறுவவே வேண்டாம்.

இந்த அலைச்சலில் நான் கண்டெடுத்த நல்ல பொருள் ஒன்று உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் பிஎன்பியுடில் என்ற கட்டளைக் கருவி, கணினியில் பின்னர் சேர்க்கப்பட்ட டிரைவர்கள் அனைத்தையும் ஒரு கோப்புறைக்குள் பிரதியெடுத்துத் தருகிறது. எல்லாம் சரியாக இயங்கும் ஒரு நாளில் அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால், விண்டோஸைப் புதிதாக நிறுவியதும் வைஃபை டிரைவர் இல்லாமல் இணையமின்றித் திண்டாட வேண்டியதில்லை. இவ்வளவு பயனுள்ள கருவியைப் பற்றி மடிக்கணினியோடு வரும் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

கீலும் விசைகளும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும், இந்த விலைக்கு இதைவிட உறுதியான உடலமைப்பு கிடைப்பது அரிது. இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் வேறு எந்த மாடலைத் தேர்ந்தெடுத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் தளத்தில், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் விற்ற மாடல்களின் டிரைவர் பக்கத்தைத் திறந்து, வரைகலைக்கும் வைஃபைக்கும் கடைசியாக எப்போது புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.