டிசிஎம்: முகமூடியா, ஹூட்டா, கரைப்பானையே மாற்றுவதா?

வேதியியல் ஆய்வகக் கரைப்பானான டைகுளோரோமீத்தேன் (டிசிஎம்) 40 டிகிரியில் கொதிக்கும். வடசென்னையில் மே மாதத்து மதியம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடுகிறது. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவின் 2024 விதி காற்றில் 8 மணி நேரச் சராசரிக்கு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) மட்டுமே அனுமதிக்கிறது. மூக்குக்கு வாசம் தெரிவது அதற்கு வெகு மேலே. மூக்கை நம்பக் கூடாது.

கரி வடிகட்டி முகமூடியை முதலிலேயே தள்ளிவிடலாம். டிசிஎம் கரியில் தங்காமல் சீக்கிரமே ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை சில நிமிடம்கூடத் தாங்காது. பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறை தாங்கும், ஆனால் ஈரம் பட்டால் கெடும்; நம் வியர்வைக்கு உதவாது. பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளே போட்டு, மேலே நைட்ரைல் போடுவதே சரி.

ஃபியூம் ஹூட் (ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டி) நல்லது, நிபந்தனையோடு. முகப்பில் காற்று வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளிழுக்க வேண்டும். பாட்டில் 15 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். ராயபுரம் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று சன்னல் வழியே அடித்தால் அந்த இழுப்பு தோற்றுப்போகும். சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, சாஷ் (ஹூட்டின் முன்கதவு) ஓரத்தில் டிஷ்யூ துண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: அது நிலையாக உள்நோக்கிச் சாய வேண்டும். படபடத்தால் வேலையைத் தொடங்காதீர்கள்.

எங்கள் தேர்வு கரைப்பானையே மாற்றுவது: எத்தில் அசிடேட். காரணம் ரோட்டாவேப்பில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவி) இருக்கிறது. கண்டென்சரில் (ஆவியைக் குளிர்விக்கும் குழாய்) ஓடும் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி இருந்தால், வெற்றிடத்தில் டிசிஎம் ஆவி அதில் குளிராமல் பம்ப் வழியாக அறைக்கே வந்துவிடும். எத்தில் அசிடேட்டின் கொதிநிலை 77; அதே தண்ணீரிலும் பெரும்பகுதி பிடிபடும், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. பொருள்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி காலமில் (column) டிசிஎம்–மெத்தனாலுக்குப் பதில், எத்தில் அசிடேட்டும் எத்தனாலும் 3:1 கலந்து ஹெப்டேனோடு ஓட்டலாம். முதலில் டிஎல்சி (மெல்லிய தகட்டில் செய்யும் சிறு பிரிப்புச் சோதனை) போட்டு விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தவறு நடப்பது பிரிபுனலில். டிசிஎம் தண்ணீருக்கு அடியில் நிற்கும், எத்தில் அசிடேட் மேலே மிதக்கும். பழைய பழக்கத்தில் மேலடுக்கைக் கொட்டினால் விளைபொருளே போய்விடும். எத்தில் அசிடேட் தண்ணீரையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்பதால் செறிவான உப்புக்கரைசலால் ஒருமுறை கழுவி, பிறகு ஈரத்தை உறிஞ்ச சோடியம் சல்பேட் போடுங்கள். எத்தில் அசிடேட் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஹீட்டர் கூடாது. வலுவான காரம், வினைபுரியும் அமீன் இருந்தால் பொருந்தாது; வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் டிசிஎம், அதுவும் ஹூட்டுக்குள்.

அப்போதும் குடுவையைப் பயன்படுத்தியவரே ஹூட்டுக்குள் அசிட்டோனால் அலசி, அலசியதை ஹாலஜன் (குளோரின் போன்றவை உள்ள) கழிவுக் கேனில் ஊற்றி மூடிய பிறகே அந்தக் குடுவை கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அக்காவின் தொட்டிக்குப் போக வேண்டும்.