கிரிஸ்பி சிக்கனா, வண்டிக்கடை 65-ஆ?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று கொஞ்சம் பெரிய ஊர் எதற்குப் போனாலும் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு கிரிஸ்பி சிக்கன் கடை வந்துவிட்டது. முதல்முறை போக நினைக்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: தெருமுனையில் வண்டிக்கடை 65 இருக்கும்போது அங்கே போய் அவ்வளவு காசு கொடுக்கணுமா? கொடுக்கலாம். ஆனால் எலும்போடு இருக்கும் துண்டாக வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும்.

இரண்டும் எண்ணெயில் பொரிப்பதுதான், செய்முறைதான் வேறு. 65-க்குக் கறியைச் சின்னதாக நறுக்கி இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கார்ன்ஃப்ளார் போட்டுப் பிசறி ஊறவைப்பார்கள். துண்டு சின்னது என்பதால் மசாலா நடுவரைக்கும் இறங்கிவிடும். வண்டியில் பெரும்பாலும் அரைப்பதமாகப் பொரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். "அண்ணே, எலும்பில்லாம நூறு கிராம்" என்றதும் மறுபடி எண்ணெயில் போட்டு, கறிவேப்பிலையும் கீறின பச்சைமிளகாயும் படபடவென்று வெடிக்க ஜல்லிக்கரண்டியில் அள்ளி, நறுக்கின வெங்காயத்தோடு கொடுப்பார்கள். இரண்டு தடவை எண்ணெய் பார்த்த கறி கொஞ்சம் வறண்டுதான் இருக்கும், அதை மசாலா ஈடுகட்டிவிடும்.

கிரிஸ்பி சிக்கனில் துண்டு பெரியது. உப்பும் மசாலாவும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மைதாவில் புரட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, மறுபடியும் மைதாவில் அழுத்திப் புரட்டுவார்கள். அந்தச் செதில் செதிலான மொறுமொறுப்பு அப்படித்தான் வருகிறது. மேல்மாவு கறிக்குக் கவசமாக நிற்பதால் உள்ளே ஈரம் தங்கும். தொடைக்கறியைப் பிய்த்தால் ஆவியோடு சாறு வடியும், வண்டிக்கடை 65-இல் இது கிடைக்கவே கிடைக்காது. கே.எஃப்.சி.யைத் தொடங்கிய ஹார்லண்ட் சாண்டர்ஸ், சட்டியில் பொரிக்க அரைமணி நேரம் ஆகிறதே என்று 1940-ஐ ஒட்டி பிரஷர் குக்கரில் பொரிக்க ஆரம்பித்தார். (அதற்கென்று செய்த இயந்திரங்கள் பிறகு வந்தன. வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றி முயற்சி செய்துவிடாதீர்கள், வெடித்துவிடும்.) இந்தியாவில் அவர்களின் முதல் கடை 1995-இல் பெங்களூரில் வந்தது. சிக்கன் 65-ஓ 1965-இல் சென்னை புகாரி ஓட்டலில் பிறந்ததாகச் சொல்வார்கள்.

சுவையில் என் ஓட்டு 65-க்குத்தான். எங்கள் அப்பாயி கிரிஸ்பி துண்டின் மேல்தோலை உரித்து வைத்துவிட்டு, உள்கறியை ஒரு வாய் மென்று, "உப்பு ஒறப்பு உள்ள சாரலையே தம்பி" என்றார். பெரிய துண்டில் காரம் எலும்புவரை போகாது, அதுதான் காரணம். அதே அப்பாயி, கறி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார்.

ஆகவே முதல்முறை போனால் லெக் (கால்), தை (தொடை) இரண்டில் ஒன்று கேளுங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறளும். எலும்பில்லாமல் சின்னச் சின்னதாகப் பொரிக்கிற பாப்கார்ன் சிக்கன் வேண்டாம். அது கிட்டத்தட்ட மசாலா இறங்காத 65, அதற்கு வண்டிக்கே போகலாம். மயோனைஸ் கொடுத்தால் பச்சை முட்டையில் செய்ததா என்று கேளுங்கள், தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டு தடை போட்டது நினைவிருக்கும்.

பார்சல் என்றால் யோசிக்கவே வேண்டாம், 65தான். கிரிஸ்பி சிக்கனை டப்பாவில் மூடி தஞ்சாவூரில் பஸ் ஏறினால் திருவையாறு வருவதற்குள் ஆவியில் நமத்துவிடும். 65 ஆறினாலும் ரசம் சாதத்துக்கு நிற்கும். காசுக்கும் அதுதான் கட்டுபடி: வண்டியில் கறியை நிறுத்து வாங்குகிறோம், அங்கே துண்டுக் கணக்கு, எலும்புக்கும் மாவுக்கும் சேர்த்துத்தான் காசு.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் கெட்டு உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நாடு முழுக்க விதி. கண்ணாடிக் கடையில் சமையல்கட்டு பெரும்பாலும் உள்ளே இருக்கும், நம்பித்தான் சாப்பிடணும். வண்டியில் சட்டி நம் கண்முன்னால் இருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், புகைந்துகொண்டிருந்தால் அடுத்த வண்டிக்கு நடந்துவிடுங்கள். கறி ரத்தச் சிவப்பாக இருந்தாலும் அப்படித்தான், மிளகாய்த்தூள் மட்டும் போட்டால் அந்த நிறம் வராது. கர்நாடகாவில் 2024 ஜூனில் கபாபுக்குச் செயற்கை நிறம் சேர்க்கவே தடை போட்டுவிட்டார்கள். கலர் போடாமல் பொரிக்கிற அண்ணன் உங்கள் தெருவில் இருந்தால் அவரை விடாதீர்கள்.